கள்ளூரிலிருந்து தலச்சேரி வரை

அகநானூற்றின் 256ஆம் பாட்டை நடத்தும்போதெல்லாம் என் வகுப்பு நிமிர்ந்து உட்காரும். கள்ளூரில் ஒருவன் ஓர் இளம்பெண்ணின் நலத்தைக் கவர்ந்துவிட்டு, அவளைத் தெரியவே தெரியாது என்று பொய்ச்சத்தியம் செய்கிறான். சாட்சிகளை விசாரித்து உண்மை அறிந்த அவை, அவனை மரத்தில் கட்டித் தலையில் நீற்றைக் கொட்டுகிறது. ஊர் ஆர்ப்பரிக்கிறது.

செம்பட்டியிலிருந்து வரும் மாணவி ஒருத்தி ஒருமுறை கேட்டாள்: "அவனைக் கட்டி வச்சது சரி மேடம். அந்தப் பொண்ணு மாசமா இருந்திருந்தா, பிள்ளைக்கு யாரு பொறுப்பு?"

பாட்டில் அதற்கு விடை இல்லை. எங்கள் பக்கத்து ஊர்ப் பஞ்சாயத்துகளிலும் இல்லை. ஒரு தொகையைக் கொடுத்து 'பேசி முடிச்சாச்சு' என்பார்கள். பணம் பெண்ணின் அப்பன் கைக்குப் போகும். பிள்ளையின் பெயர் அந்தப் பேச்சில் வராது.

சட்டம் என்ன செய்தது? 1872இன் சாட்சியச் சட்டம், 112ஆம் பிரிவில், திருமணத்துக்குள் பிறந்த குழந்தை கணவனுடையதே என்று முன்கூட்டியே ஏற்றுக்கொண்டது. தாலிக்கு வெளியே பிறந்த குழந்தைக்கு அந்தக் காப்பு இல்லை. தகப்பன் யாரென்று தாய்தான் நிரூபிக்க வேண்டும். 1898இன் குற்றவியல் நடைமுறைச் சட்டம், 488ஆம் பிரிவில், அப்படிப் பிறந்த குழந்தைக்கும் ஜீவனாம்சம் கேட்க வழிவிட்டது. 1973இல் அது 125ஆம் பிரிவானது. மாதம் 500 ரூபாய் என்ற உச்சவரம்பு 2001இல்தான் நீங்கியது. 2024 ஜூலை முதல் புதிய சட்டத்தில் அது 144ஆம் பிரிவு.

உரிமை ஏட்டில் இருந்தது. சாட்சிக்கு எங்கே போவது? பக்கத்து வீட்டார் கண்டது, அவன் எழுதிய கடிதம், அவளுடைய சொல். எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் கைவைப்பது அவளுடைய ஒழுக்கத்தில்தான்.

இந்த நிலையை அசைத்தது கேரளத்தின் தலச்சேரியில் நடந்த ஒரு வழக்கு. மணமாகாத ஒரு தாய் தன் மகனுக்காக ஜீவனாம்சம் கேட்டார். அவர் சுட்டிய ஆண் மறுத்தார். 1980களின் இறுதியில் மூவரின் ரத்தமும் ஹைதராபாத்தின் சி.சி.எம்.பி. ஆய்வகத்தில் சோதிக்கப்பட்டது. லால்ஜி சிங் குழுவினரின் டி.என்.ஏ. சோதனை தாயின் சொல்லை உறுதிசெய்தது. 1991இல் கேரள உயர் நீதிமன்றமும் அந்தச் சான்றை ஏற்றது. இந்திய நீதிமன்றங்களில் டி.என்.ஏ. நுழைந்த தொடக்க வழக்குகளில் இது ஒன்று. ஒரு கொலையாளியைத் தேடி அல்ல, ஒரு பிள்ளையின் சோற்றுக்காக.

அறிவியல் வந்ததும் எல்லாம் தீரவில்லை. ரத்தம் கொடுக்கும்படி யாரையும் கட்டாயப்படுத்த முடியாது என்று 1993இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. மறுப்பவருக்கு எதிராக நீதிமன்றம் அனுமானம் கொள்ளலாம், அவ்வளவே. இன்னொரு சுவரும் உண்டு. 1956இன் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, எந்த வகைத் திருமணமும் நடக்காத பெற்றோரின் குழந்தை தாய்க்கு மட்டுமே வாரிசு. தகப்பன் இவர்தான் என்று நிரூபித்த பிறகும், அவர் உயில் எழுதாமல் இறந்தால் அவர் சொத்தில் பங்கில்லை. சோறு உண்டு, சொத்து இல்லை.

தகப்பன் பெயரைச் சொல்ல விரும்பாத தாய்க்கு 2015 ஜூலை 6 அன்று ஒரு கதவு திறந்தது. டெல்லியைச் சேர்ந்த, மணமாகாத கிறிஸ்தவத் தாய் ஒருவர், தகப்பனுக்கு நோட்டீஸ் அனுப்பாமலே தன் மகனுக்குக் காப்பாளராகலாம் என்றது உச்ச நீதிமன்றம். மணமாகாத தாய் பிரமாணப் பத்திரம் கொடுத்தாலே குழந்தைக்குப் பிறப்புச் சான்றிதழ் தர வேண்டும் என்றும் உத்தரவிட்டது.

தலச்சேரித் தாய் பெயரைச் சொல்லிப் போராடினார். டெல்லித் தாய் சொல்லாதிருக்கப் போராடினார். இரண்டும் ஒரே உரிமைதான்: தன் பிள்ளைக்கு எது நல்லது என்பதைத் தானே தீர்மானிப்பது.

அந்த மாணவிக்கு அன்று அரைகுறையாகத்தான் பதில் சொன்னேன். இப்போது கேட்டால் இதைச் சொல்வேன்: ஊர் கூடி அவன் தலையில் நீறு கொட்டியது அவனுக்கான தண்டனை. பிள்ளைக்கான நியாயம் வேறு. பஞ்சாயத்தில் பேசி முடித்தாலும் அது முடிவதில்லை. தாயின் கையெழுத்தோடு, பிள்ளையின் பெயரில், குற்றவியல் நடுவர் நீதிமன்றத்தில் ஒரு மனுவாக அது தொடங்கலாம்.