ஊவாவின் பாதைகள் – 17: பதுளைத் துரையும் ஆயிரத்து நானூறு யானைகளும்

கிராமச் சபைத் திருத்தச் சட்டத்துக்கு இந்த வாரம் வருவதாகச் சொல்லியிருந்தேன். 1937இல் அந்த மசோதா அரசாங்க சபைக்கு எப்படி வந்தது, லயத்தில் குடியிருப்பவருக்கு ஊர்ச் சபையில் வாக்கில்லை என்ற முடிவு எப்படி எடுக்கப்பட்டது என்பதை எழுத வேண்டும். ஆனால் பதுளை டவுனை முதலில் திட்டமிட்டவர் யார் என்று கேட்காமல், டவுனுக்கும் தோட்டத்துக்கும் நடுவே கோடு விழுந்த கதைக்குள் போக முடியாது. அதைக் கேட்டால் மேஜர் தோமஸ் வில்லியம் ரோஜர்ஸ் குறுக்கே வந்து நிற்கிறார். வந்தால் இலகுவில் போகிற மனிதர் அல்ல அவர்.

1818 கிளர்ச்சி அடக்கப்பட்ட பிறகு ஊவா கிடந்த கோலத்தை இத்தொடரின் தொடக்கத்தில் பார்த்துவிட்டோம். அந்தச் சாம்பல் மேட்டில்தான் ரோஜர்ஸ் வேலையைத் தொடங்கினார். சிலோன் ரைபிள்ஸ் படைப்பிரிவின் அதிகாரி. 1830களில் பதுளையில் உதவி அரசாங்க அதிபரும் அவர்தான், மாவட்ட நீதிபதியும் அவர்தான். பாதை போடும் பொறுப்பும் அவர் கையில். இன்று ஒரு பதுளைக்காரர் இந்த வேலைகளுக்காகக் கச்சேரிக்கும் நீதிமன்றத்துக்கும் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கும் மாநகர சபைக்கும் தனித்தனியாக அலைய வேண்டும். அன்று ஒரே விராந்தையில் ஒரே மனிதர் முன்னால் நின்றால் போதும். எங்கே பாதை, எங்கே பாலம், எவன் நிலத்தில் கல் உடைப்பது, எவனுக்கு அபராதம், எல்லாவற்றையும் அவரே தீர்மானித்தார். ஊவாவில் கணக்குக் கேட்க அவருக்கு மேல் யாருமில்லை. எதிர்த்து ஒரு வாக்கும் விழாது.

அந்த விராந்தையில் என்ன இருந்தது தெரியுமா? யானைத் தந்தங்கள். பிரஷ்ய இளவரசர் வால்டெமரோடு 1844இல் இலங்கைக்கு வந்த ஜெர்மானிய வைத்தியர் ஹொப்மைஸ்டர் அந்த வீட்டைப் பார்த்து எழுதிவைத்திருக்கிறார். வாசலுக்கு வாசல் பெரிய தந்தங்கள், சாப்பாட்டு அறையின் மூலைக்கு மூலை தந்தங்கள், வீடு முழுக்க அதே. ரோஜர்ஸ் கொன்றவற்றில் அறுபதுக்கு மேல் கொம்பன்கள் என்பது அவர் தரும் கணக்கு. (அந்த வைத்தியரும் அதிக நாள் இருக்கவில்லை. 1845 டிசம்பரில் பஞ்சாபில் ஃபெரோஸ்ஷா போர்க்களத்தில் குண்டுபட்டு இறந்தார்.)

கொம்பன் அறுபது. மொத்தம் எத்தனை? எமர்சன் டெனன்ட் 1859இல் வெளியிட்ட தன் நூலில் தரும் எண் 1,400க்கு மேல். கப்டன் கால்வே அதில் பாதிக்கு மேல், பாதைகளின் ஆணையாளர் ஸ்கின்னர் கிட்டத்தட்ட அதே அளவு என்று அந்தப் பட்டியல் நீளுகிறது. ரோஜர்ஸ் இருபது ஆண்டு வேட்டையாடினார் என்று தாராளமாக வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து நாளைக்கு ஒரு யானை வருகிறது. மழை நாள், காய்ச்சல் நாள், வழக்கு விசாரித்த நாள், பாதை அளந்த நாள் எல்லாம் சேர்த்துத்தான் இந்தக் கணக்கு.

தந்தத்தை விற்ற பணத்தில்தான் பதவி உயர்வுகளை வாங்கினார் என்று ஒரு கதை உண்டு. அந்தக் காலத்துப் பிரிட்டிஷ் படையில் அதிகாரிப் பதவி விலைக்குக் கிடைத்தது. அதனால் கதையைத் தள்ளிவிடவும் முடியாது. ஆனால் இலங்கை யானைகளில் ஆணுக்கே தந்தம் அபூர்வம். அறுபதை எடுத்துவிட்டால் மிச்சம் ஆயிரத்து முந்நூறுக்கு மேற்பட்டவை தந்தமில்லாதவை, குட்டியோடு நின்ற தாய்களும் அவற்றில் எத்தனையோ. அவற்றைக் கொன்றதற்கு விலை காரணம் அல்ல. பயிரைக் காப்பாற்ற என்றார்கள், பாதையைக் காப்பாற்ற என்றார்கள். அரசாங்கமும் தூண்டிவிட்டது. 1848க்கு முன் மூன்று ஆண்டுக்கும் குறைவான காலத்தில் வட மாகாணத்தின் ஒரு பகுதியில் மட்டும் 3,500 யானைகளுக்குச் சன்மானம் கொடுக்கப்பட்டதாக டெனன்ட் எழுதுகிறார். 1851க்கும் 1856க்கும் இடையே தென் மாகாணத்தில் 2,000. வாலை அறுத்துக் கொண்டுவந்து காட்டினால் காசு.

எனக்கு இதில் பொறுக்க முடியாத ஒன்று இருக்கிறது. மலைநாட்டில் நல்ல பாதைக்கு முதல் அளவையாளர் யானைதான். மலைமுதுகைப் பிடித்து, செங்குத்தை விலக்கி, ஆற்றை ஆழமில்லாத இடத்தில் கடந்து செல்லும் யானைத்தடங்களைப் பார்த்து அந்த ஸ்கின்னரே வியந்திருக்கிறார். காட்டில் வழி தேடியவர்கள் அந்தத் தடங்களில்தான் நடந்தார்கள். வழி காட்டியதைக் கொன்றுவிட்டு, அதன் வழியில் வண்டி ஓட்டினார்கள்.

ரோஜர்ஸ் போட்ட பாதைகள் நல்ல பாதைகள் என்பதை நான் மறுக்கவில்லை. தவலம் மாடு மட்டுமே ஏறிய மலைகளில் ஆள் போக்குவரத்துக்கு வழி பிறந்தது அவர் காலத்தில். சோம்பேறி அதிகாரி அல்ல, திறமைசாலி, அஞ்சாதவர். அவரைப் பற்றிப் படிக்கும்போது ஒரு கவர்ச்சி வரத்தான் செய்கிறது. ஆனால் ஊவாவின் வீதிகளுக்குத் தந்தை என்று அவரைப் புகழ்கிறவர்களோடு நான் சேர மாட்டேன். மலையை வெட்டியவர், கல்லைச் சுமந்தவர், காய்ச்சலில் பாதையோரம் செத்தவர் ஒருவர் பெயரும் எங்கும் பொறிக்கப்படவில்லை. பொறிக்கப்பட்டது துரையின் பெயர் மட்டும்.

எங்கே பொறித்தார்கள் என்பதற்கு முன் அவர் இறந்ததைச் சொல்ல வேண்டும். 1845 ஜூன் 7. அப்புத்தளை வாடிவீடு. வெளியே இடிமழை. மழை விட்டதா என்று பார்க்க விராந்தைக்கு வந்தார். உள்ளே இருந்தவர்களிடம், இனிப் பயமில்லை, ஓய்ந்துவிட்டது என்று சொன்னாராம். சொன்ன கணத்திலேயே மின்னல் தாக்கி அந்த இடத்தில் விழுந்தார். வயது நாற்பதைத் தாண்டி ஓரிரண்டு. நுவரெலியாவில் கோல்ஃப் மைதானத்தை ஒட்டிய பழைய கல்லறைத் தோட்டத்தில் புதைத்தார்கள். அந்தக் கல்லறையையும் மின்னல் தேடிவந்து பிளந்தது என்று இன்றும் சொல்கிறார்கள். யானைகளின் பழி என்று ஊவாச் சனங்கள் நம்பினார்கள். நம்பியதில் எனக்கு ஆச்சரியமில்லை. வேறு எந்த நீதிமன்றத்தில் அவர்கள் வழக்குப் போட்டிருக்க முடியும்? நீதிபதியே அவர்தானே.

நண்பர்களும் அபிமானிகளும் சேர்ந்து அவர் நினைவாகப் பதுளை டவுனில் ஒரு கோயிலை எழுப்பினார்கள். அதுதான் புனித மாற்கு தேவாலயம். அதைத் தாண்டித்தான் இன்றும் டவுன் போய்வருகிறது. பதுளையின் முதல் பொதுக் கட்டடங்களை வரிசைப்படுத்திப் பாருங்கள்: படையினர் தங்க இடம், கச்சேரி, தேவாலயம், குதிரைப் பந்தயத் திடல், பூங்கா, 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் எண்கோண வடிவில் வெலேகடைச் சந்தை. சந்தை ஒன்றுதான் சாதாரண மனிதனுக்கு. மற்றவை எல்லாம் யாருக்காக எழுந்தன என்பதை விளக்கத் தேவையில்லை. 1924இல் ரயில் பதுளைக்கு வந்து சேர்ந்ததும் தேயிலைப் பெட்டிக்காகத்தான்.

ரோஜர்ஸ் காலத்திலேயே கோப்பிக்காகத் தமிழ்நாட்டிலிருந்து ஆட்கள் மன்னாரில் இறங்கி மாத்தளை வழியாக நடந்து வந்துகொண்டிருந்தார்கள். ஊவாவுக்கு வந்தவர்களுக்கு அதற்கு மேலும் நடை. ஸ்பிரிங்வெலி, டெல்பெத்தை, கோணக்கலை, தெமோதரை என்று தோட்டங்கள் மலை மலையாக விரிந்தன. பாதைகளும் விரிந்தன, ஆனால் இஸ்டோர் வரைக்கும். மூட்டையும் பெட்டியும் டவுனுக்கு இறங்க எத்தனை வளைவு வேண்டுமோ அத்தனையும் வெட்டினார்கள். இஸ்டோரிலிருந்து மேட்டு லயத்துக்கு ஒற்றையடிப் பாதை. நோயாளியைக் கம்பளியில் கட்டித் தூக்கி இறக்க வேண்டும். தண்ணீருக்குப் பீலி. பீலி காய்ந்தால் துரையிடம் போக வேண்டும்; துரை மனம் வைத்தால் உண்டு. ஒற்றை மனிதர் எல்லாவற்றையும் தீர்மானிக்கும் ரோஜர்ஸ் முறை டவுனில் முடிந்து சபைகள் வந்த பிறகும், தோட்டத்தில் அது அப்படியே நின்றுவிட்டது. இந்த அத்தியாயத்தில் நான் சொல்ல வந்தது இதுதான்.

அது எவ்வளவு தூரம் நின்றது என்பதைப் பார்க்க அப்புத்தளை வாடிவீட்டிலிருந்தே போகலாம். அங்கிருந்து பெரகலைக்கு இறங்கி வெல்லவாய வீதியில் திரும்பினால் கொஸ்லந்தை. அதற்கு மேலேதான் மீரியபெத்தைத் தோட்டம். 2014 ஒக்டோபர் 29 காலையில் மலை சரிந்து லயங்களை மூடியது. பிள்ளைகள் பள்ளிக்கூடம் போயிருந்ததால் சிலர் தப்பினார்கள்; திரும்பி வந்தபோது வீடும் இல்லை, தாய் தகப்பனும் இல்லை. அந்த மலை சரியும் என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. எச்சரிக்கை கிடைத்தவர்களில் யாருக்கு ஜனங்களை வேறு நிலத்தில் குடியேற்றும் கடமை? கம்பனிக்கா, மாவட்டச் செயலகத்துக்கா, பிரதேச சபைக்கா? லயத்துக்காரருக்குச் சொந்த நிலம் ஒரு பேர்ச்சஸ் கிடையாது, தானாகப் போய் வேறெங்கும் குடியேற. ஒன்பது ஆண்டு இந்தக் கேள்விக்குப் பதில் வரவில்லை, மலைதான் வந்தது. இதை இயற்கை அனர்த்தம் என்று மட்டும் எழுதிவைப்பவர்கள் வரலாற்றைப் பாதியில் விடுகிறார்கள்.

இனி 1937. பக்கம் முடிந்துகொண்டு வருவதால் எலும்பை மட்டும் சொல்கிறேன். உள்ளூராட்சி அமைச்சர் எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்க. கிராமச் சபைத் தேர்தலில் தோட்டத்தில் குடியிருக்கும் இந்தியத் தொழிலாளருக்கு வாக்கில்லை என்றது மசோதா. இந்திய அரசாங்கம் எதிர்த்தது. கடைசியில் இனத்தைச் சொல்லாமல், தோட்டத்தில் குடியிருக்கும் தொழிலாளர் எவருக்கும் வாக்கில்லை என்று மாற்றி 1938இல் சட்டமாக்கினார்கள். அடிபட்டவர்கள் அதே மக்கள்தான். 1939 ஜூலையில் நேரு வந்ததும் இலங்கை இந்தியன் காங்கிரஸ் பிறந்ததும் இந்தச் சூட்டில்.

இதன் விளைவு எவ்வளவு விபரீதம் என்பதற்குப் பதுளையே சாட்சி. 1947 பொதுத் தேர்தலில் தோட்டத்து மக்கள் வாக்களித்து எஸ். எம். சுப்பையாவைப் பதுளையிலிருந்து நாடாளுமன்றத்துக்கு அனுப்பினார்கள். நாட்டின் சட்டத்தை ஆக்கும் ஆளைத் தேர்ந்தெடுக்க அவர்களுக்குத் தகுதி இருந்தது. பக்கத்துக் கிராமத்துக்குக் கிணறு வெட்டும் சபைக்கு ஆளைத் தேர்ந்தெடுக்கத் தகுதி இல்லை. அடுத்த இரண்டே ஆண்டில் பிரஜாவுரிமைச் சட்டங்கள் அந்த நாடாளுமன்ற வாக்கையும் பறித்தன.

1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டம் வந்தபோது கதை தலைகீழானது. வாக்கு படிப்படியாகத் திரும்பிவந்தது. பசறையிலும் ஹாலிஎலையிலும் லுணுகலையிலும் தோட்டத்து மக்கள் தங்கள் உறுப்பினர்களைச் சபைக்கு அனுப்பினார்கள். ஆனால் தோட்டம் தனியார் கைவச நிலம், அதற்குள் சபைப் பணத்தைச் செலவிட முடியாது என்று 33ஆம் பிரிவைக் காட்டினார்கள். உறுப்பினர் சபையில் கையை உயர்த்தலாம், தன் லயத்துக்கு ஒரு கானு வெட்டிக் கொடுக்க முடியாது. 2018இல்தான் அந்தப் பிரிவு திருத்தப்பட்டு, பாதையும் கிணறும் மற்றப் பொது வசதிகளும் தோட்டக் குடிகளுக்கும் செய்து கொடுக்கலாம் என்றானது. அப்போதும் தோட்ட நிர்வாகத்தோடு கலந்தாலோசித்தே செய்ய வேண்டும்.

துரையைக் கேட்டுத்தான் பீலி என்ற பழைய வழக்கம் அந்தக் கடைசி நிபந்தனையில் இன்னும் உயிரோடிருக்கிறது என்பதே என் கருத்து. அது நீக்கப்பட வேண்டும். அந்த நிபந்தனையின் வேர் 1937 விவாதத்தில் இருக்கிறது. அரசாங்க சபையில் யார் யார் எந்தப் பக்கம் நின்றார்கள், தோட்டத் துரைமார் ஏன் வாய் திறக்கவில்லை என்பதை அடுத்த வாரம் ஆற அமரப் பார்ப்போம்.

(தொடரும்)