தொடரும்... என்று போட்டால் மட்டும் போதுமா?

போன மாசம் ஊருக்குப் போயிருந்தப்ப, இட்லிக் கொப்பரை தேடிப் பரண் ஏறினேன். கொப்பரை கிடைக்கலை, பாட்டியோட பைண்டு புத்தகம் கிடைச்சுது. 'கல்கி'யில் வாராவாரம் வந்த 'பொன்னியின் செல்வன்' பக்கங்களைப் பிரிச்சு எடுத்து, தைச்சு, காலிகோ அட்டை போட்டது. பழைய தாள் வாசனை, பூச்சி அரிச்ச ஓட்டை, பக்கத்தின் பின்னாடி பாதியில் நிற்கும் யாரோ எழுதின துணுக்கு... உங்க வீட்டுலயும் இப்படி ஒண்ணு இருந்திருக்குமே?

சின்ன வயசில் அதைப் படிச்சப்ப ஓரிடத்தில் கதை சட்டுனு எகிறும். ஒரு வாரத்து இதழ் இல்லை. இரவல் வாங்கிட்டுப் போன யாரோ திருப்பித் தரலையாம். அந்த இடத்தில் பாட்டி ஒரு கோடு போட்ட நோட்டுத்தாளை வச்சுத் தைச்சிருந்தாங்க. விட்டுப்போன கதையைப் பக்கத்து வீட்டில் கேட்டு வந்து, தன் கையெழுத்தில் ஒரே பக்கத்தில் எழுதி வச்சிருந்தாங்க. அப்ப சிரிச்சேன். இப்ப அந்தத் தாளைப் பார்த்தா சிரிப்பு வரலை.

யோசிச்சுப் பாருங்க, துண்டு துண்டா இருக்கறதை ஒண்ணாக் கோக்கிற பிரச்சினை நமக்குப் புதுசே இல்லை. ஓலைச்சுவடின்னா என்ன? தனித்தனி ஏடுகள். துளை போட்டு, கயிறு கோத்து, ஓரத்தில் ஏட்டு எண் போடுவாங்க. கயிறு அறுந்து, எண்ணும் செல்லரிச்சுப் போனா எது முன்னே எது பின்னேன்னு தேடணும். அதனாலயோ என்னவோ, நம்ம ஆளுங்க பாட்டுக்குள்ளேயே கயிறு வச்சாங்க. அதுதான் அந்தாதி. ஒரு பாட்டு முடிகிற சொல்லில் அடுத்த பாட்டு தொடங்கும். காரைக்கால் அம்மையாரின் அற்புதத் திருவந்தாதி 101 வெண்பா. நடுவில் ஒண்ணு விட்டுப்போனாலும் உடனே தெரிஞ்சுடும்!

அச்சு வந்த பிறகு இதே சிக்கல் வேற ரூபத்தில் வந்தது. இங்கிலாந்தில் 1836 ஏப்ரலில் சார்லஸ் டிக்கன்ஸோட 'பிக்விக் பேப்பர்ஸ்' மாசம் ஒரு பகுதியா வர ஆரம்பிச்சுது. விலை ஒரு ஷில்லிங். 1837ல் அவரோட மைத்துனி இறந்த துக்கத்தில் ஒரு மாசம் வரவே இல்லை. ஆனாலும் கதை அறுந்து போகலை. ஏன்னா பகுதிகள் தனித்தனியா வந்தாலும் பக்க எண் மட்டும் முதல்லேர்ந்து தொடர்ச்சியா ஓடும். 1837 நவம்பரில் வந்த கடைசிப் பகுதியில் தலைப்புப் பக்கம், முன்னுரை, பொருளடக்கம் எல்லாம் சேர்த்துக் கொடுத்தாங்க. எதுக்கு? வாங்கினவங்க எல்லாத்தையும் கொண்டுபோய் பைண்டு பண்ணிக்கத்தான். அதாவது, துண்டு போடும்போதே ஒட்டறதுக்கும் வழி பண்ணிட்டாங்க.

தமிழில் தொடர்கதைக்கு ஆரம்பகால உதாரணம்னா ராஜமய்யரின் 'கமலாம்பாள் சரித்திரம்'. 1893 முதல் 1895 வரை 'விவேக சிந்தாமணி'யில் வந்தது. அதுக்கு அரை நூற்றாண்டு கழிச்சு வந்தவர் கல்கி. 'பொன்னியின் செல்வன்' 1950 அக்டோபரில் தொடங்கி 1954 மே வரை, ஐந்து பாகம், 293 அத்தியாயம். இன்னிக்குப் புத்தகமாப் படிக்கறவங்க சிலர், "முன்னே சொன்னதையே இவர் எதுக்குத் திரும்பச் சொல்றார்?"னு சலிச்சுக்கிறாங்க. ஐயா, அது உங்களுக்காக எழுதினது இல்லை! ஏழு நாள் கழிச்சு, சமையல் முடிச்சு, பத்திரிகையைக் கையில் எடுத்த என் பாட்டிக்காக எழுதினது. போன வாரம் விட்ட இடத்துக்குக் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போறார். அதுதான் கயிறு.

ஆனா கயிறு எவ்வளவு கெட்டியா இருந்தாலும் முடிச்சுப் போட ஆள் வேணுமே. இங்கேதான் உ.வே.சா. ஞாபகம் வருது. ஊர் ஊரா அலைஞ்சு, சிதைஞ்ச ஏடுகளை ஒப்பிட்டு, விட்டுப்போன அடிகளைத் தேடிச் சேர்த்தவர். 1887ல் சீவக சிந்தாமணி அப்படித்தான் அச்சேறியது. அவர் தன் வாழ்க்கையை 'என் சரித்திரம்'னு 1940லிருந்து ஆனந்த விகடனில் தொடரா எழுதினார். 122 அத்தியாயம் வரைக்கும் வந்தது. 1942 ஏப்ரலில் அவர் காலமாயிட்டார். தொடர் பாதியிலேயே நின்னு போச்சு. அடுத்தவங்க ஏட்டையெல்லாம் கோத்துக் கொடுத்த மனுஷனோட சொந்த ஏடு முடியாமலே போனது என்ன கொடுமை சொல்லுங்க... அப்புறம் அவரோட மாணவர் கி.வா.ஜகந்நாதன், 'என் ஆசிரியப்பிரான்' எழுதி விட்ட கதையைச் சொன்னார். கல்கிக்கும் அதே கதிதான். 1954 டிசம்பரில் அவர் இறந்தப்ப 'அமரதாரா' பாதியில் நின்னுது. அதை முடிச்சது அவர் மகள் ஆனந்தி.

மாணவர், மகள்... என் கணக்கில் அந்த வரிசையில் என் பாட்டியும் உண்டு. (பெரிய பேச்சுதான், பொறுத்துக்கோங்க :-) )

பரணிலிருந்து இறங்கினதும் அந்த நோட்டுத்தாளை அச்சுப் புத்தகத்தோட ஒப்பிட்டுப் பார்த்தேன். வர்ணனையெல்லாம் காலி. ஒரு பேர் தப்பு. ரெண்டு அத்தியாயம் இருபது வரியில் முடிஞ்சுடுது. ஆனா யார் எங்கே நிக்கறாங்க, எந்த ஆபத்தில் கதை நிக்குதுங்கற கடைசி வரி மட்டும் அச்சு அசல் சரி. அடுத்த வாரம் தொடங்கற இடத்தோட கச்சிதமாப் பொருந்துது. ஒரு துண்டை அடுத்த துண்டோட கோக்க என்ன தேவைன்னு அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கு.

பொன்னியின் செல்வன் இன்னிக்கு எந்தக் கடையிலும் கிடைக்கும். 1999ல் நாட்டுடைமையும் ஆயாச்சு. அதனால பழைய பைண்டு எதுக்குன்னு வீட்டில் எடைக்குப் போடப் பார்க்கறாங்க. கதை வேணும்னா புதுசா வாங்கிக்கலாம். ஆனா மணியம் வரைஞ்ச படத்தோட, அந்த வாரத்துத் துணுக்கோட, நடுவில் யாரோ வச்சுத் தைச்ச நோட்டுத்தாளோட எந்தப் பதிப்பகம் போடப்போகுது?

உங்க பரண்ல இருந்தா ஒரு தடவை புரட்டிப் பார்த்துட்டு அப்புறமா முடிவு பண்ணுங்க. நான் எங்க வீட்டுதை கையோட எடுத்துட்டு வந்துட்டேன். தையல் ஒரு பக்கம் விட்டிருக்கு. ஞாயித்துக்கிழமை ஊசி நூல் எடுக்கணும்.