கியா கிளியும் பச்சை விஷமும்

நியூசிலாந்தின் தென் தீவில், பனிமலைப் பக்கமாக காரை நிறுத்தினால் பச்சையாக ஒரு கிளி வந்து உட்கார்ந்து வைப்பர் ரப்பரைப் பிய்க்கும். பேர் கியா. எதைப் பார்த்தாலும் கொத்திப் பார்த்தே ஆகணும் அதுக்கு. அந்தக் குறும்பே அதுக்கு எமனான கதை இது.

வௌவாலை விட்டால் நியூசிலாந்துக்குச் சொந்தமான தரைவாழ் பாலூட்டியே கிடையாது. அதனால் பல பறவைகள் தரையிலேயே கூடு கட்டிப் பழகிவிட்டன. வெள்ளைக்காரர்கள் 1837-இல் ரோமத்துக்காக ஆஸ்திரேலியாவிலிருந்து பாஸம் என்கிற விலங்கைக் கொண்டுவந்தார்கள். முயலும் வந்து பெருகியது. முயலைப் பிடிக்க 1880களில் ஸ்டோட்டை (நம்ம கீரி மாதிரி) இறக்கினார்கள். பறவை அறிஞர்கள் வேண்டாம் என்று கத்தினார்கள், யார் கேட்டா? ஒரு பக்-ஐ சரி பண்ணப் போய் இன்னும் பெரிய பக் :-)

கியாவையும் விடலை. ஆட்டின் முதுகைக் கொத்துது என்று அதன் தலைக்கு விலை வைத்தார்கள். சுமார் நூறு வருஷத்தில் ஒன்றரை லட்சம் கியா காலி. முழுப் பாதுகாப்பு கிடைத்ததே 1986-இல்தான்.

இதுக்கு நடுவில், 1950களில் '1080' என்ற விஷம் வந்தது. பாஸத்தைக் கொல்ல கேரட் துண்டில் தடவி விமானத்திலிருந்து தூவினார்கள். கேரட் பொடியைத் தின்று சின்னப் பறவைகளும் செத்தன. அப்புறம்தான் ஒவ்வொன்றாக மாற்றினார்கள். பொடியைச் சலித்து எடுத்தார்கள். பறவையை ஈர்க்காத பச்சைச் சாயம் போட்டார்கள். ஹெக்டேருக்கு 30 கிலோவுக்கு மேல் தூவியது 2 கிலோ அளவுக்கு இறங்கியது.

மற்ற பறவைகளுக்கு இது பெரிய அளவில் உதவியது. கியாவுக்குப் போதவில்லை. 2008-இல் ஃபாக்ஸ் பனியாறு பக்கம் ரேடியோ கருவி மாட்டிய 17 கியாக்களில் 7 இந்த விஷத்தால் செத்தன.

அப்போ விஷத்தை நிறுத்திடலாமே? அங்கேதான் சிக்கல். கியாவும் தரைப் பொந்தில்தான் கூடு வைக்கும். ஸ்டோட் வந்தால் முட்டை, குஞ்சு, சில சமயம் தாய்ப்பறவையும் போச்சு. விஷம் தின்ற எலியைத் தின்று ஸ்டோட்டும் சாகிறது, கூடுகள் பிழைக்கின்றன. போட்டாலும் சாவு, போடாவிட்டாலும் சாவு. கியாவுக்குக் குமட்டல் வரவைக்கும் மருந்தை இரையில் கலந்து பார்த்தார்கள். எலியும் உஷாராகித் தின்ன மறுத்தது!

என்னை யோசிக்க வைத்தது வேறொரு விஷயம். விஷம் தின்று செத்தவை பெரும்பாலும் மனிதர்கள் நடமாடும் இடத்துக் கியாக்கள். சிப்ஸும் ரொட்டியும் தின்று, புதுசாக எது கிடந்தாலும் வாயில் வைக்கப் பழகியவை. ஆள் போகாத மலையில் இருக்கும் கியாக்களுக்கு ஆபத்து ரொம்பக் குறைவு.

ஆக, ஆசையாக ஒரு சிப்ஸ் நீட்டிய கைக்கும் இந்தச் சாவில் பங்கு இருக்கு. அடுத்த தடவை ஊட்டியில் குரங்குக்கு பிஸ்கட் நீட்டும்போது எனக்கு இந்தக் கிளி ஞாபகம் வரும்.