கட்டுச்சோறும் காட்டோடையும்: போடி மலைப்பாதைகளின் கதை

மலையேறப் போகிறவர்களின் முதுகுப்பையைத் திறந்து பார்த்தால் உள்ளே என்ன இருக்கும்? பிஸ்கெட், சாக்லேட், நூடுல்ஸ் பொட்டலம், இரண்டு பாட்டில் தண்ணீர். இவை எதுவும் இல்லாத காலத்திலும் போடிநாயக்கனூரிலிருந்து ஏலமலைக்கு மனிதர்கள் நடந்தே ஏறி இறங்கினார்கள். அவர்கள் எதைத் தின்றார்கள்? எங்கே தண்ணீர் குடித்தார்கள்? கொஞ்சம் பின்னோக்கிப் போய்ப் பார்ப்போம்.

முதலில் இடத்தைத் தெரிந்துகொள்வோம். போடி கடல் மட்டத்திலிருந்து ஆயிரம் அடிக்குச் சற்று மேலே இருக்கும் ஊர். அதன் மேற்கே சுவர் போல எழும் மலையின் உச்சியில் உள்ள கொழுக்குமலை ஏறத்தாழ 8,000 அடி உயரம். மேலே தேயிலையும் ஏலக்காயும் விளைகிற ஈரமான பூமி. சரிவு மட்டும் வறண்டது. காரணம், தென்மேற்குப் பருவமழை பெரும்பகுதி கேரளப் பக்கத்திலேயே கொட்டித் தீர்ந்துவிடும். இந்தப் பக்கத்துக்கு முக்கிய மழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை. ஜனவரிக்குப் பிறகு ஓடைகள் ஒவ்வொன்றாக இளைக்கும். மார்ச்சில் சரிவெல்லாம் காய்ந்த புல்தான்.

இனி சோற்றுக்கு வருவோம். நம் முன்னோர்கள் வழிப்பயணத்துக்குக் கட்டிக்கொண்டு போன உணவுக்குக் கட்டுச்சோறு என்று பெயர். 'ஆற்றுணா' என்ற பழைய சொல்லும் உண்டு. வழியில் உண்ணும் உணவு என்று பொருள். புளிச்சோறு ஏன் இதில் முதலிடம் பிடித்தது தெரியுமா? புளியின் அமிலமும், உப்பும், நல்லெண்ணெயும் சேர்ந்து சோற்றைச் சீக்கிரம் கெடவிடாது. தணலில் வாட்டிய வாழையிலை கிழியாது, கட்டவும் வசதி. தயிர்ச்சோறு என்றால் பாலை ஊற்றிப் பிசைந்து சிறிதளவு தயிர் விடுவார்கள். மதியம் பொட்டலத்தைப் பிரிக்கும்போது பதமாக உறைந்திருக்கும். அவல், பொரிகடலை, கருப்பட்டி போன்றவற்றுக்கு அடுப்பே வேண்டாம்.

இன்னொரு விஷயமும் உண்டு. 6,000 அடி உயரத்தில் தண்ணீர் 94 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடும். அங்கே அரிசி வேக அதிக நேரமாகும், விறகும் அதிகம் செலவாகும். கீழேயே சமைத்துக் கட்டிக்கொண்டு போனதில் எவ்வளவு லாபம் பாருங்கள்!

ஆனால் சோற்றை விடப் பெரிய சிக்கல் தண்ணீர். மலை ஏறுகிற ஒருவருக்கு மணிக்கு அரை லிட்டராவது வேண்டும். வெயில் என்றால் அதற்கும் மேல். எட்டு மணி நேர நடைக்கு நான்கு லிட்டர், அதாவது நான்கு கிலோ சுமை. இரண்டு நாள், அதோடு சமையலும் என்றால் பத்து கிலோவைத் தாண்டிவிடும். உணவைக் காயவைத்து எடை குறைக்கலாம். தண்ணீரைக் காயவைக்க முடியுமா? அதனால் பழைய பாதைகள் தண்ணீரைத் தேடியே போயின. நடந்தவர்கள் தண்ணீரைச் சுமக்கவில்லை. தண்ணீர் இருக்கும் இடத்தைத் தெரிந்து வைத்திருந்தார்கள்.

சமவெளியிலும் இதே யோசனைதான். 1689 முதல் 1706 வரை மதுரையை ஆண்ட ராணி மங்கம்மாள் சாலைகளையும் சத்திரங்களையும் அமைத்ததை வரலாறு சொல்கிறது. சத்திரம், தண்ணீர்ப் பந்தல், சுமையை இறக்கி வைக்கச் சுமைதாங்கிக் கல்... நடப்பவனின் முதுகுச் சுமையைப் பாதையே வாங்கிக்கொண்டது. சபரிமலைக்கு நடப்பவர்களின் இருமுடியைப் பாருங்கள். முன்முடியில் நெய்த்தேங்காயும் பூசைப் பொருட்களும். பின்முடியில் பயணிக்கு வேண்டிய அரிசியும் மற்றவையும். அதில் தண்ணீருக்கு இடமில்லை. அதை வழியில் இருக்கும் ஆறுகள் பார்த்துக்கொள்ளும்.

வழியில் வைத்த உணவு எவ்வளவு முக்கியம் என்பதற்கு உலக வரலாற்றில் ஒரு சோகமான சாட்சி உண்டு. 1912ல் தென் துருவத்திலிருந்து திரும்பிய ஸ்காட்டும் அவருடைய தோழர்கள் இருவரும், உணவும் எரிபொருளும் சேமித்து வைத்திருந்த கிடங்குக்கு வெறும் 11 மைல் முன்னால் கூடாரத்தில் முடங்கி இறந்தார்கள். துருவப் பனியானாலும் போடி மலையானாலும் கணக்கு ஒன்றுதான்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மூணாறு மலைகளில் தோட்டங்கள் வந்தன. சமவெளித் தமிழர்கள் கூலி வேலைக்கு மலையேறினார்கள். ஆயிரக்கணக்கானவர்களுக்கு மேலே அரிசி வேண்டும்; அங்கே விளைந்த தேயிலை கீழே வர வேண்டும். முதலில் தலைச்சுமையும் பொதிமாடும்தான். 1902ல் குண்டளைப் பள்ளத்தாக்கில் மாடுகள் இழுக்கும் ஒற்றைத் தண்டவாள வண்டி வந்தது. 1908ல் அது சிறு ரயிலாக மாறியது. அந்த ரயில் தேயிலையை டாப் ஸ்டேஷன் வரை கொண்டுவரும். அங்கிருந்து கம்பிவடத்தில் தொங்கியபடி அது கொட்டகுடிக்கு இறங்கும். பிறகு மாட்டு வண்டியில் போடிக்குப் போகும். 1924ல் வந்த பெருவெள்ளம் ரயில் பாதையை அடித்துக்கொண்டு போய்விட்டது. இன்று ரயிலும் இல்லை, கம்பிவடமும் இல்லை. டாப் ஸ்டேஷன், சென்ட்ரல் ஸ்டேஷன் என்ற பெயர்கள் மட்டும் மலையில் மிச்சம் இருக்கின்றன.

பிறகு பதினேழு கொண்டை ஊசி வளைவுகளோடு போடிமெட்டு சாலை வந்தது. ஏலத்தோட்டத் தொழிலாளர்கள் தூக்குவாளியில் சோற்றோடு ஜீப்பில் ஏறிப் போகத் தொடங்கினார்கள். நடை குறைந்தது. எந்த ஓடை எந்த மாதம் வற்றும் என்ற அறிவு, முதுவர் குடிகளிடமும் மலைக்கிராமத்துப் பெரியவர்களிடமும் மட்டும் தங்கிவிட்டது.

காலியான அந்தப் பாதைகளில் புதிதாக நடக்க வந்தவர்கள் நகரத்து இளைஞர்கள். 2018 மார்ச் 10ஆம் தேதி சென்னை, ஈரோடு, திருப்பூர் பகுதிகளைச் சேர்ந்தவர்கள் குரங்கணியிலிருந்து கொழுக்குமலைக்கு ஏறினார்கள். மறுநாள் இறங்கும்போது காட்டுத்தீ அவர்களைச் சூழ்ந்தது. ஆள் உயரப் புல் காய்ந்து நின்ற சரிவில் ஓடி ஒளிய இடமில்லை. 23 உயிர்கள் போயின. முதலில் ஓடி வந்து உதவியவர்கள் அந்த மலைக்கிராமத்து மக்கள்தான்.

அவர்கள் பசியால் சாகவில்லை, தாகத்தாலும் சாகவில்லை. அப்படியானால் கட்டுச்சோற்றுக் கதையில் இதை ஏன் சொல்ல வேண்டும்? ஓடை வற்றுகிற மாதமும் புல் எரிகிற மாதமும் ஒன்றே என்பதால்தான். "வழியில் எங்கெல்லாம் தண்ணீர் கிடைக்கும்?" என்ற கேள்விக்கு மலைக்காரர் "இப்போது எங்கும் இல்லை" என்று பதில் சொன்னால், அது தண்ணீரைப் பற்றிய செய்தி மட்டுமல்ல. காடு பற்றிக்கொள்ளத் தயாராக இருக்கிறது என்ற எச்சரிக்கையும் அதற்குள் இருக்கிறது.

அந்த விபத்துக்குப் பிறகு தமிழக அரசு மலையேற்றத்துக்கு விதிமுறைகள் கொண்டுவந்தது. 2024 அக்டோபரில் 40 பாதைகளோடு 'டிரெக் தமிழ்நாடு' திட்டம் தொடங்கியது. முன்பதிவு, அனுமதி, உள்ளூர் வழிகாட்டி எல்லாம் இதில் உண்டு. உள்ளூர் வழிகாட்டி என்பவர் யார்? ஓடையின் கணக்கை இன்னும் மறக்காத மனிதர்.

ஆகவே நண்பர்களே, மலைக்குத் திட்டம் போடும்போது முதலில் மாதத்தைப் பாருங்கள். இரண்டாவது, தண்ணீர் கிடைக்கும் இடங்களை உள்ளூர்க்காரரிடம் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த ஓடை வரைக்கும் போதுமான தண்ணீரோடு கூடுதலாக ஒரு லிட்டர் வைத்துக்கொள்ளுங்கள். மூன்றாவதாகப் போதும் சோறு. அதற்குப் புளிச்சோறு இருக்கிறது, பயமில்லை!