குழாய்க்குள்ள ஒளிஞ்ச ஸ்பிரிங்

போன மழையில சாமளாபுரம் ஏரிப் பக்கம் பிரேக் பிடிச்சப்ப, என் பைக்கோட முன்சக்கரம் பள்ளத்துல குதிச்சு வழுக்கிடுச்சு. விழல, தப்பிச்சேன். தப்பு என்னோடதுதான். "டைட்டா இருந்தா நல்லா நிக்கும்"னு நம்பி, முன் ஃபோர்க்குல கெட்டி ஸ்பிரிங் போட்டிருந்தேன். என் எடை வெறும் 58 கிலோ!

இந்தக் குழப்பத்துக்கு ஒரு வரலாறு இருக்குங்க.

1930-கள்ல பல பைக்குகளில் கர்டர் ஃபோர்க்தான். ஸ்பிரிங் வெளியவே தெரியும். சில மாடல்களில் அதிர்வை அடக்கும் உராய்வுத் தட்டை ஓட்டுறவரே கையால திருகி இறுக்கலாம். 1935-ல் பிஎம்டபிள்யூ ஆர்12, ஆயில் டேம்பிங் உள்ள டெலஸ்கோபிக் ஃபோர்க்கோட வந்தது. 1949 மாடல் புல்லட்டும் அதே வழிக்கு வந்தது. 1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸும் ராயல் என்ஃபீல்டும் கைகோத்த பிறகு, திருவொற்றியூரில் இருந்து அந்த ஃபோர்க் நம்ம ரோட்டுக்கு வந்தது.

சவாரி சொகுசாச்சு. ஆனா ஸ்பிரிங் குழாய்க்குள்ள மறைஞ்சதும், "இது யாரோட எடைக்கு?"ன்னு கேட்கிற பழக்கமும் மறைஞ்சிடுச்சு. கம்பெனி போடுறது ஒரே ஸ்பிரிங். ஓட்டுறவர் 50 கிலோவா இருக்கலாம், 100 கிலோவாவும் இருக்கலாம்.

பதில் 1678-லேயே இருக்கு. ராபர்ட் ஹூக் சொன்னது இவ்வளவுதான்: விசை எவ்வளவோ, ஸ்பிரிங் மாறுறதும் அவ்வளவு. அப்போ அளந்து பார்த்துடலாமே?

முன்சக்கரத்தைத் தூக்கி நிறுத்தி, ஃபோர்க்கோட உள்குழாயில சீலை ஒட்டி ஒரு ஜிப் டை கட்டுங்க. சக்கரத்தை இறக்கி, மெதுவா ஏறி உட்காருங்க, இறங்குங்க. டை நகர்ந்த தூரம், ஃபோர்க் மொத்தமா அமுங்கக்கூடிய தூரத்துல கால் பங்குல இருந்து மூணுல ஒரு பங்குக்குள்ள இருந்தா சரி. 120 மில்லிமீட்டர் ஃபோர்க்குன்னா 30-ல இருந்து 40. ரொம்ப அதிகமா? ஸ்பிரிங் மெல்லிசு, பிரேக்ல மூக்கு குத்தும். ரொம்பக் குறைவா? எனக்கு நடந்ததுதான் நடக்கும்.

ரெண்டு விஷயம் மறந்துடாதீங்க. மேல வாஷர் வெச்சா முன்பக்கம் உயரும், ஸ்பிரிங்கோட கடினம் மாறாது. ஸ்பிரிங்கை வெட்டினா மெல்லிசாகாது. சுருள் குறையக் குறைய கடினம் கூடத்தான் செய்யும்.

நம்ம ஊர் விசைத்தறியில, துணிக்குத் தகுந்த மாதிரிதான் பாவு இழுவைக்கு எடைக்கல் மாத்துவாங்க. எல்லாத் துணிக்கும் ஒரே கல் போட்டா நூல் அறுந்துடும்னு அவங்களுக்குத் தெரியும். ஸ்பிரிங் கடைக்குப் போறதுக்கு முன்னாடி, நீங்களும் ஒரு தடவை எடை மெஷின்ல ஏறிடுங்க.