இறையிலியும் விதிவிலக்கும்: மேகக் கணிமைப் பாதுகாப்புக்குப் பொருநைக் கரை தரும் பாடம்

நிறுவனம் முழுமைக்கும் ஒரே பாதுகாப்புக் கொள்கை வகுத்தபின், ஒரு சேமிப்பகத்துக்கோ வழங்கிக்கோ மட்டும் விலக்குத் தருவது விதியில் ஓட்டை போடுவதாகும் என்று மேகக் கணிமை நிர்வாகிகள் பலர் கருதுகின்றனர். விலக்கால் விதி கெடுவதில்லை, விலக்குப் பெற்றது கணக்கைவிட்டு மறையும்போதே கெடுகிறது என்பது இக்கட்டுரையின் வாதம். பொருநை எனப்படும் தாமிரபரணிப் பகுதியோடு தொடர்புடைய நில வரலாறு இதற்குச் சான்று தருகிறது.

முதற்சான்று வேள்விக்குடிச் செப்பேடு. பாண்டிய மன்னன் பல்யாகசாலை முதுகுடுமிப் பெருவழுதி, பொருநை அன்று கடலோடு கலந்த கொற்கையைச் சேர்ந்த கிழான் நற்கொற்றனுக்கு வேள்விக்குடியைக் கொடையாக அளித்தான். களப்பிரர் காலத்தில் அது கைவிட்டுப் போயிற்று. 8ஆம் நூற்றாண்டில் நற்கொற்றன் வழிவந்தவர் பாண்டியன் நெடுஞ்சடையனிடம் முறையிட்டபோது, மன்னன் உரிமையின் பழமையை நாட்டாரைக் கொண்டு மெய்ப்பிக்கச் சொன்னான். மெய்ப்பித்தபின்பே ஊர் மீண்டது. அரசனே விரும்பினாலும் சான்றில்லாமல் சலுகை இல்லை.

இரண்டாவது சான்று இன்னும் நுட்பமானது. சோழர் கல்வெட்டுகளில் இறையிலி நிலத்தை ‘வரியிலிடுதல்’ பேசப்படுகிறது; பிற்காலப் பாண்டியர் ஆவணங்களில் ‘உள்வரி’ வருகிறது. வரியே கட்டாத நிலத்தை வரிப்புத்தகத்தில் ஏன் எழுத வேண்டும்? எழுதாவிட்டால் ஊரின் மொத்தப் பரப்பு கணக்கில் இடிக்கும். பக்கத்து வயலும் இறையிலி என்ற பெயரில் நழுவிவிடலாம். விலக்கும் கணக்கின் ஒரு வரிதான் என்பதே இதன் உட்பொருள்.

கணக்கில் நிற்கும் விலக்குக்கும் கணக்கைவிட்டு மறைவதற்கும் உள்ள இதே வேறுபாட்டை மைக்ரோசாஃப்ட் மேகத்தின் கொள்கைக் கருவியான அஷூர் பாலிசியிலும் காணலாம். அங்கே ஒரு வளத்தைக் கொள்கையின் வரம்பிலிருந்தே நீக்கலாம். அப்படி நீக்கியது இணக்க அறிக்கையில் தென்படாது. மாறாக விலக்களித்தால் அது ‘விலக்குப் பெற்றது’ என்று அறிக்கையிலேயே நிற்கும். பாளையங்கோட்டைக் கல்லூரி ஒன்று எந்தச் சேமிப்பகமும் பொதுவெளிக்குத் திறந்திருக்கக் கூடாது என்று விதித்திருப்பதாகக் கொள்வோம். தேர்வு முடிவுகளை வைக்கும் ஒரே சேமிப்பகம் மட்டும் திறந்திருந்தாக வேண்டும். அதற்காகத் துறை முழுவதையும் வரம்பிலிருந்து நீக்கினால், நாளை அங்கே வந்து சேரும் மாணவர் ஆவணங்களும் காவலின்றிக் கிடக்கும். அந்த ஒன்றுக்கு மட்டும் விலக்களித்தால் எல்லைக்கல் நட்டதாகும்.

அஷூர் விலக்கை இரண்டாகப் பிரிக்கிறது: கொள்கையின் நோக்கம் வேறு வழியில் நிறைவேறுவது ஒன்று, குறையைத் தற்காலிகமாகப் பொறுத்துக்கொள்வது மற்றொன்று. வரிக்கு ஈடாகக் கோயில் பணியோ ஊர்ப் பணியோ பெற்ற ஊழிய மானியம் முன்னதற்கு நிகர். அமேசான் மேகத்தின் சேவைக் கட்டுப்பாட்டுக் கொள்கையில் இப்படித் தனி விலக்குப் பதிவு கிடையாது. விதிவிலக்கைக் கொள்கைக்குள்ளேயே நிபந்தனையாக எழுத வேண்டும். ஆகவே காரணத்தையும் கெடுவையும் நிறுவனமே வேறிடத்தில் குறித்துவைக்க வேண்டியிருக்கிறது.

பழைய முறையின் பெருங்குறை காலவரையறை இல்லாமை. கொடைகள் ‘சந்திராதித்தவரை’, அதாவது ஞாயிறும் திங்களும் உள்ளவரை, தரப்பட்டன. அதனால் 1858இல் அமைந்த இனாம் கமிஷன் ஒவ்வொரு மானியமாக விசாரிக்க நேர்ந்தது. சென்னை மாநிலத்தில் எஞ்சியவற்றை ஒழிக்க 1963ஆம் ஆண்டுச் சட்டங்கள் வேண்டியிருந்தன. அஷூரிலும் முடிவுநாள் கட்டாயமில்லை. குறிக்காவிட்டால் அந்த விலக்கும் சந்திராதித்தவரைதான்.

முடிவுநாள் இருந்தால் மட்டும் போதுமா? போதாது என்கிறது மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டம். சிங்கம்பட்டி ஜமீன் 1929இல் 8,374 ஏக்கரைப் பாம்பே பர்மா நிறுவனத்துக்கு 99 ஆண்டுக் குத்தகைக்கு விட்டது. 1988இல் களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம் உருவானபின்னும் தோட்டம் அதன் நடுவே நீடித்தது. 2028இல் குத்தகை முடியும் என்பது முதலிலேயே தெரியும். ஆனால் அதில் கையெழுத்திடாத தொழிலாளர் குடும்பங்கள் தலைமுறைகளாக அங்கே வேர்விட்டிருந்தன. 2024இல் அவர்களது மறுவாழ்வு நீதிமன்றம் ஏறியது. மனித வாழ்வை மென்பொருளோடு நிறுத்துப் பார்ப்பது இங்கே நோக்கமன்று. கெடு குறித்தவர்கள், அதற்குள் யார் யார் குடியேறுவார்கள் என்று குறிக்கவில்லை என்பதே கவனத்துக்குரியது. விலக்குப் பெற்ற சேமிப்பகத்தை நம்பிப் பிற செயலிகள் எழுந்துவிட்டால், கெடுநாளில் விலக்கை நீட்டிப்பதைத் தவிர வேறு வழி இராது.

ஆகவே எல்லை, காரணம், பொறுப்பாளர், கெடு ஆகியவற்றோடு சார்ந்திருப்போர் பட்டியலும் விலக்குப் பதிவில் இடம்பெற வேண்டும். கெடுவுக்கு முன்பே அப்பட்டியலை மறுபடி சரிபார்க்க வேண்டும். கெடு கடந்தபின்னும் அஷூர் அந்தப் பதிவை அழிப்பதில்லை, செல்லாததாக்கி வைத்திருக்கிறது. அடுத்த முறை விலக்குக் கேட்டு வருபவரிடம் நெடுஞ்சடையன் கேட்டதைக் கேட்க அந்தப் பழைய பதிவு உதவும்.