நோய் போனது, அசதி போகலை: ஒரு களைப்பின் வரலாறு

1/ ஆனைக்குட்டம் பக்கத்துல இருந்து ஒரு அக்கா ஓபிக்கு வந்தாங்க (அடையாளம் தெரியாம மாத்தி எழுதுறேன்). பட்டாசு ஆலைத் தொழிலாளி. மார்பகப் புற்றுநோய்க்கு மதுரையில் சிகிச்சை முடிஞ்சு ஆறு மாசம். ஸ்கேன்ல ஒண்ணும் இல்லை. "ஒரு குடம் தண்ணி தூக்குனா படுத்துரணும் போல இருக்கு சார்"னு சொன்னாங்க.

2/ கூட வந்த மாமியார், "அதான் நோய் போயிருச்சே, இன்னும் என்ன படுக்கை?"ன்னாங்க. அக்கா கண்ணு கலங்கிருச்சு. அசதியை விட, அதை யாரும் நம்பலையேங்கிறதுதான் அவங்களுக்கு வலி. செய்யுற வேலைக்குத்தான் கூலி. படுத்தா அன்னைக்குச் சம்பளம் இல்லை.

3/ ஒரு உண்மையைச் சொல்லிடுறேன். சில வருஷத்துக்கு முன்னாடி இதே மாதிரி வந்த ஒருத்தருக்கு "நல்லா ரெஸ்ட் எடுங்கம்மா"னு சொல்லி, சத்து மாத்திரை எழுதி அனுப்பியிருக்கேன். அது பாதி தப்பு. ஏன் தப்புங்கிறதுக்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கு. அதைத்தான் இன்னைக்குப் பார்க்கப் போறோம்.

4/ தன் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, 1954-ல் சென்னை அடையாறில் புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கினார். ஆரம்பத்தில் 12 படுக்கைகள்தான். அவர் மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும், 1955-ல் வந்து சேர்ந்த டாக்டர் சாந்தாவும் அதை வளர்த்தார்கள். அந்தக் காலத்தில் உலகம் முழுக்கவே முதல் கேள்வி ஒன்றுதான்: ஆள் பிழைப்பாரா? அசதியைப் பற்றிக் கேட்க யாருக்கும் நேரமில்லை.

5/ நோயாளி என்றால் படுக்கணும் என்பது அப்போதைய பொது நம்பிக்கை. அதை அசைத்தது புற்றுநோயோடு சம்பந்தமே இல்லாத ஒரு ஆய்வு. 1966-ல் அமெரிக்காவின் டல்லாஸ் நகரில் 20 வயதுள்ள ஐந்து ஆரோக்கியமான இளைஞர்களை மூன்று வாரம் படுக்கையிலேயே வைத்தார்கள். உடலின் உழைக்கும் திறன் கடுமையாகக் குறைந்தது.

6/ முப்பது வருஷம் கழித்து அதே ஐந்து பேரைத் திரும்பச் சோதித்தார்கள். முப்பது வருஷ வயசு அவர்களிடமிருந்து பறித்ததை விட, அந்த மூன்று வாரப் படுக்கை பறித்ததுதான் அதிகம்! இதை மனசுல வெச்சுக்கோங்க. ஓய்வும் ஒரு மருந்துதான். அளவு மிஞ்சினா அதுக்கும் பக்கவிளைவு உண்டு.

7/ 1980-களில் கீமோ நோயாளிகளை அதிகம் வாட்டியது வாந்தி. 1990-களின் தொடக்கத்தில் ஒண்டான்செட்ரான் போன்ற மாத்திரைகள் வந்து அதைப் பெருமளவு அடக்கின. பெரிய அலை ஓய்ந்ததும், அடியில் கிடந்த பாறை தெரிஞ்சது. அதுதான் அசதி.

8/ 1997-ல் வெளியான ஒரு அமெரிக்க ஆய்வு. "அன்றாட வாழ்க்கையை அதிகம் கெடுப்பது வலியா, அசதியா?" நோயாளிகளில் 61% பேர் அசதி என்றார்கள், வலி என்றவர்கள் 19%. புற்றுநோய் மருத்துவர்களிடம் கேட்டால் 61% பேர் வலி என்றார்கள். அதாவது, டாக்டரும் நோயாளியும் ஒரே அறையில் உட்கார்ந்து வேற வேற நோயைப் பற்றிப் பேசிக்கிட்டு இருந்திருக்காங்க.

9/ இதற்கு முன்பே வழியைக் காட்டியவர்கள் செவிலியர்கள். 1989-ல் ஒஹாயோவைச் சேர்ந்த மேரி மக்விக்கரும் மேரில் வின்னிங்காமும், கீமோ எடுத்துக்கொண்டிருந்த மார்பகப் புற்றுநோய்ப் பெண்களை வாரம் மூன்று நாள், பத்து வாரம் சைக்கிள் கருவியில் மிதிக்க வைத்தார்கள். அவர்களின் உடல்திறன் கூடியது. 1999-ல் ஜெர்மனியில் டிமேயோ குழு, கடுமையான கீமோவில் இருந்தவர்களைப் படுத்தபடியே தினம் அரை மணி நேரம் மிதிக்க வைத்தது. மிதிக்காதவர்களுக்கு அசதி ஏறியது. மிதித்தவர்களுக்கு ஏறவில்லை.

10/ 2000-ல் அமெரிக்கப் புற்றுநோய் மையங்களின் கூட்டமைப்பு இந்த அசதிக்கென்றே முதல் வழிகாட்டுதலை வெளியிட்டது. இந்த அசதியின் சாரம்: செய்த வேலைக்குச் சம்பந்தமில்லாத அசதி, உடம்பு, மனசு, கவனம் மூணையும் பாதிப்பது. தூங்கி எழுந்தாலும் தீராது. சிகிச்சை முடிந்து மாதங்கள், சிலருக்கு வருடங்கள் கூட நீடிக்கலாம்.

11/ "கவனம்" என்ற வார்த்தையை எங்க ஊர்க்காரங்க அடிக்கோடு போட்டுக்கணும். வேற ஊர்ல கவனம் சிதறினா கணக்கு தப்பும். பட்டாசு மருந்து செலுத்துற இடத்துல சிதறினா உயிர் போகும். இந்த அசதியோட வேலைக்குத் திரும்புறவங்களுக்குக் கொஞ்ச நாளைக்கு மருந்து இல்லாத வேலை, காகிதக் குழாய் சுத்துற மாதிரி, கொடுங்கனு ஃபோர்மேன்கிட்ட கேளுங்க. இது சலுகை இல்லை, எல்லாருக்கும் பாதுகாப்பு.

12/ சரி, என்ன செய்யணும்?

• முதல்ல சரிசெய்யக்கூடிய காரணத்தைத் தேடணும்: ரத்தசோகை, தைராய்டு, வலி, தூக்கமின்மை, மனச்சோர்வு, சாப்பாடு இறங்காதது.
• பிறகு நடை. ஐந்து நிமிஷத்தில் ஆரம்பிச்சு மெல்லக் கூட்டுங்க. வாரம் மூன்று நாள், அரை மணி நேரம் வரை வந்தால் நல்ல பலன்.
• தெம்பு இருக்கும் நேரத்துக்கு முக்கிய வேலையை வையுங்க. மீதியை வீட்ல பங்கு போடுங்க.
• பகல் தூக்கம் அரை மணிக்கு மேல வேண்டாம்.

13/ எச்சரிக்கை: கீமோ நடக்கும்போது காய்ச்சல் வந்தா நடைப்பயிற்சி இல்லை, உடனே மருத்துவமனை. மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, ரத்தக்கசிவுக்கும் அப்படியே. எலும்புக்குப் பரவியிருந்தாலோ, தட்டணுக்கள் குறைவாக இருந்தாலோ உங்கள் டாக்டரைக் கேட்காமல் பயிற்சி வேண்டாம்.

14/ அந்த அக்காவுக்கு ஹீமோகுளோபின் 8 இருந்தது. அதுக்குச் சிகிச்சை தொடங்கியாச்சு. காலையில வெயில் ஏறுறதுக்கு முன்னாடி பஸ் ஸ்டாப் வரைக்கும் நடக்கச் சொன்னேன். மாமியாரைத் தனியா உட்கார வெச்சு, இது சோம்பேறித்தனம் இல்லைம்மா, இதுக்கு ஒரு பேரும் வைத்தியமும் இருக்குனு விளக்கினேன். கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு, "அப்ப நானும் கூட நடக்குறேன்"னாங்க.

15/ உங்க வீட்லயும் சிகிச்சை முடிச்ச ஒருத்தர் "அசதியா இருக்கு"னு சொன்னா, முதல் மருந்து நம்புறதுதான். அடுத்த மருந்து, கூட நடக்குறது.